உதவிக்கு ஆள் இல்லையா? – வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் மகளுக்கு வரும் ஆவணியில் ஐந்து வயது நிறைகிறது. எல்.கே.ஜி.யில் அவள் ஓராண்டு பட்ட பாடு போதும் என்று, வீட்டிலேயே வைத்துக் கற்பிக்க நானும் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். ஒரு சம்பளத்தில் நடக்கும் குடும்பம். இணையத்தில் பார்த்த வீட்டுக்கல்வித் திட்டங்களில் ஒன்று ஆண்டுக்கு 55,000 ரூபாய், இன்னொன்று 18,000 ரூபாய். அமெரிக்கப் பாடத்திட்டம் ஒன்றுக்கு மாதந்தோறும் டாலரில் கட்ட வேண்டும். எதைத் தேர்ந்தெடுக்கலாம்? பிற்காலத்தில் சான்றிதழ் சிக்கல் வருமா? மாமியார் எங்களுடன்தான் இருக்கிறார். ஆனால் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவர், ஆங்கிலம் தெரியாது, ஆகவே உதவிக்கு ஆள் இல்லை.

— ஒரு வாசகி, கொளத்தூர்

அன்புள்ள வாசகிக்கு,

சென்ற வாரம் பரணை ஒழித்தபோது என் ஆயா, அதாவது பாட்டி, அரிசி அளக்க வைத்திருந்த பித்தளை ஆழாக்கு கிடைத்தது. அதைப் புளி போட்டுத் துலக்கி மேசைமேல் வைத்துவிட்டு அவரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்த நாளில் உங்கள் கடிதம் வந்தது. கடைசி வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சான்றிதழ். கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளைப் பற்றியது அது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்கு அதில் தண்டனை ஏதுமில்லை. பன்னிரண்டரை வயது நிறைந்தவர்கள் நம் மாநிலத்தில் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதலாம். தேசிய திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்பில் 14 வயதில் சேரலாம். உங்கள் மகளுக்கு இன்னும் ஐந்தே நிறையவில்லை. இந்தக் கவலையை இப்போதே சுமக்க வேண்டாம். டாலர் திட்டத்தை இன்றே மறந்துவிடுங்கள்; சென்ட்டும் அங்குலமும் கொளத்தூர்க் கடைத்தெருவில் அவளுக்கு எதற்கு?

மற்ற இரண்டு திட்டங்களிலும் அட்டைகளும் பயிற்சித்தாள்களும் காணொளிகளும் இருக்கும். அவை கெட்டவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அனைத்தையும் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஸ்டோரிவீவர் தளத்தில் படக்கதைகள் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. 2010இல் திறந்த கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. ஐந்து வயதுக்கு இவை தாராளம். இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு பிள்ளையின் அருகே உட்கார ஒரு பெரியவர் வேண்டும். அந்த ஆளைத்தான் எந்த நிறுவனத்தாலும் பெட்டியில் வைத்து அனுப்ப முடியாது. அந்த ஆள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். அவரைத்தான் நீங்கள் 'ஆள் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள்.

நான் பெரம்பூரில் நான்காம் வகுப்பு படித்தபோது, கால் பெரியதா, எட்டில் ஒன்று பெரியதா என்று ஆசிரியர் கேட்டார். நான்கைவிட எட்டு பெரியது என்ற நினைப்பில் எட்டில் ஒன்று என்றேன். மாலை மணி அடிக்கும்வரை வகுப்புக்கு வெளியே நிறுத்தினார். ஏன் தவறு என்று ஒருவரும் சொல்லவில்லை. அழுது வீங்கிய முகத்தோடு வீட்டுக்கு வந்தவனை ஆயா அடுக்களையில் உட்கார வைத்து, அரிசி மூட்டையைத் திறந்து, படி, உரி, உழக்கு, ஆழாக்கு நான்கையும் வரிசையாக வைத்தார். இரண்டு ஆழாக்கைக் கொட்டினால் உழக்கு நிறைந்தது. இரண்டு உழக்கில் உரி. இரண்டு உரியில் படி. ஆக, படியில் கால் உழக்கு; படியில் எட்டில் ஒன்று, அதாவது அரைக்கால், ஆழாக்கு. என்னையே கொட்டச் சொல்லி, என்னையே எண்ணச் சொல்லி, பிறகு கேட்டார்: "கால்ல பாதிதான்டா அரைக்கா. பாதி எப்டிடா பெர்சாவும்?"

ஆயாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. கோட்டுக்கு மேலே ஒன்றும் கீழே எட்டும் எழுதிக் காட்டியிருந்தால் அது என்னவென்றே அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அவர் பேசிய சொல்லுக்குள்ளேயே கணக்கு இருந்தது. 'எட்டில் ஒன்று' என்பதைக் கேட்கும் பிள்ளையின் காதில் எட்டு என்ற பெரிய எண்தான் விழுகிறது. 'அரைக்கால்' என்பதைக் கேட்கும் பிள்ளைக்குக் காலில் அரை என்பது கேட்ட மாத்திரத்தில் விளங்குகிறது. அரைக்காலில் பாதி மாகாணி, அதாவது பதினாறில் ஒன்று. மா என்பது இருபதில் ஒன்று, காணி என்பது எண்பதில் ஒன்று, இரண்டையும் கூட்டினால் மாகாணி வருகிறது என்பதைக் கல்லூரி நாட்களில் ஒருநாள் தாளில் போட்டுப் பார்த்துவிட்டு, அவரிடம் சொல்ல அவர் இல்லையே என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

மலிவான கல்வி தரம் குறைந்தது என்ற அச்சம் உங்கள் கடிதத்தில் வரிக்கு வரி தெரிகிறது. 1789இல் எழும்பூரில் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதையே தன் பள்ளிக்கும் கொண்டுவந்தார். உதவி ஆசிரியர்கள் இது ஆகாது என்றபோது, கொஞ்சம் தெரிந்த ஒரு சிறுவனையே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாக வெளியிட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுவதும் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பள்ளி இன்றும் இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து போன அந்த முறைக்கு வேண்டியிருந்தவை ஒரு தட்டு மணலும் பக்கத்தில் ஒரு பிள்ளையும்தான்.

ஆங்கிலத்துக்கு நீங்கள் இருக்கிறீர்கள். நாளுக்கு அரைமணி நேரம் மடியில் வைத்துக் கதை வாசியுங்கள், அது வந்துவிடும். ஆனால் உங்கள் மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது என்பதைக் குறையாகச் சொல்லி உங்கள் மகள் காதில் ஒருமுறையேனும் விழுந்திருந்தால், அவள் பாட்டியிடம் கேள்வி கேட்பதை நிறுத்தியிருப்பாள். எல்.கே.ஜி. அவளுக்குச் செய்த கெடுதலைவிட இது பெரியது. அதே எல்.கே.ஜி.யை 55,000 ரூபாய் கொடுத்துத் தபாலில் வீட்டுக்குள் வரவழைத்துக்கொண்டு, வாழ்நாள் முழுவதும் அளந்தும் எண்ணியும் ஒரு குடும்பத்தை நடத்திய பெண்ணை அடுக்களையோடு நிறுத்திவைப்பதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

கடுமையாக எழுதிவிட்டேன். தனியாகச் சுமக்கிறோம் என்ற பயத்தில்தான் நீங்கள் அப்படி எழுதினீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. அந்தப் பயத்தை அவரிடமே சொல்லுங்கள். 'அத்தே, எனக்குக் கூட இருங்க' என்று கேளுங்கள்.

அடுத்த முறை இட்லிக்கு ஊறப்போடும்போது மகளைப் பாட்டி பக்கத்தில் உட்கார வையுங்கள். புழுங்கலரிசி நான்கு ஆழாக்கு, உளுந்து ஓர் ஆழாக்கு. அளப்பது அவளாகவே இருக்கட்டும். விருந்தாள் வந்தால் எட்டு ஆழாக்கு அரிசிக்கு உளுந்து எவ்வளவு என்று பாட்டி கேட்கட்டும். நீங்கள் குறுக்கே பேசாமல், பாட்டி கேட்டதையும் பேத்தி சொன்னதையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதி வாருங்கள். நோட்டு நிறைந்ததும் எனக்கு எழுதுங்கள். 18,000 ரூபாய்த் திட்டம் வேண்டுமா என்பதை அதைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.