கேமிங் லேப்டாப்பா, லேசான லேப்டாப்பா? மொதல்ல பிளக் எங்க இருக்குன்னு சொல்லுங்க

வணக்கம். மலேசியா பேராக்ல, சுங்கை சிப்புட்ல சின்னதா லேப்டாப் ரிப்பேர் கடை வச்சிருக்கேன், பதினாலு வருசம் ஆச்சு. எஸ்பிஎம் (அஞ்சாம் படிவ பரீட்சை) ரிசல்ட் வந்தா போதும், தோட்டத்துல இருந்தும் தாமான்ல இருந்தும் பிள்ளைய கூட்டிக்கிட்டு அப்பா அம்மா வந்து நிப்பாங்க, கேமிங் எடுக்கறதா லேசானது எடுக்கறதான்னு. இன்னைக்கு ஞாயிறு, கடை பாதி நாள்தான், பசியாறிட்டு ஒக்காந்துட்டேன். கேளுங்க.

கேள்வி: அண்ணே, ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் டிப்ளோமா கெடச்சிருக்கு. ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ்னு வரையற சாஃப்ட்வேர் எல்லாம் இருக்காம். கேமிங்தான் எடுக்கணும்னு எங்க அண்ணன் ஒத்த கால்ல நிக்குது. கையில 4000 வெள்ளி (ரிங்கிட்).

பதில்: தங்கச்சி, வாழ்த்து மொதல்ல. ஆட்டோகேட்ல வெறும் கோடு போட்டு வரையற 2டி வேலைக்கு கேமிங் கார்டு (படத்த ஓட்டற தனி கிராஃபிக்ஸ் கார்டு) தேவையே இல்ல, 16 ஜிபி ரேம் இருக்கற சாதாரண லேப்டாப்பே ஓட்டிடும். சாலிட்வொர்க்ஸ் வேற கதை, நூறு பார்ட்டு சேத்து ஒரு அசெம்ப்ளி போட்டு அத சுத்தி சுத்தி பாக்கறப்ப தனி கார்டு இருந்தா கை வலிக்காது. ஆனா டிப்ளோமாவுல மொத ரெண்டு செமஸ்டர் நீ செய்யப்போறது பெரும்பாலும் சின்ன சின்ன பார்ட்டுதான், லேப்ல கம்ப்யூட்டரும் இருக்கும். சீனியர் ஒருத்தர புடிச்சு ரெண்டு கேள்வி கேளு. லேப் எத்தன மணி வரைக்கும் தொறந்திருக்கும், கிளாஸ்ல ஒக்கார்ற எடத்துக்கிட்ட பிளக் இருக்கா. பிளக் இல்லன்னா கேமிங் லேப்டாப் மத்தியானத்துக்குள்ள படுத்துடும். ஆர்டிஎக்ஸ் 4050 கார்டு போட்டு ரெண்டு கிலோவுக்குள்ள வர்ற மாடலுங்க இருக்கு, உன் காசுக்கு ஆஃபர்ல மாட்டுனா அத எடு, இல்லன்னா லேசானதுலயே 16 ஜிபி எடுத்துக்கோ. அப்புறம் சாலிட்வொர்க்ஸ் வின்டோஸ்லதான் ஓடும், ஆப்பிள் பக்கம் போயிடாத. அண்ணன்கிட்ட கேளு, கேம் யாரு வெளயாடப் போறதுன்னு.

கேள்வி: தம்பி, என் மகன் எஸ்பிஎம் முடிச்சிட்டு படிப்புக்குன்னு 6000 வெள்ளிக்கு ஒன்னு காட்டுறான். கேட்டா வலோரண்ட்னு என்னமோ சொல்றான். கேஎஃப்எல் ஆக்கவுன் ஃப்ளெக்ஸிபெல்ல இருந்து எடுத்து குடுக்கவான்னு யோசிக்கிறேன்.

பதில்: அக்கா, அது கேஎஃப்எல் இல்ல, கேடபிள்யூஎஸ்பி (நம்ம சேமநிதி), பரவால்ல புரிஞ்சிடுச்சு. 2024 மே மாசம் புது கணக்கு வந்ததுல இருந்து அதுல இருந்து எப்ப வேணா எடுக்கலாம்தான், அதுக்காக லேப்டாப்புக்கு எடுக்கணுமா? வலோரண்ட் பெரிய கார்டே கேக்காத கேமு, தனி கார்டு இல்லாத இப்போதைய லேசான லேப்டாப்ல செட்டிங்க கொறச்சா தாராளமா ஓடும். அதுக்கு முக்கியமா வேண்டியது வின்டோஸ் 11ல டிபிஎம், செக்யூர் பூட்னு ரெண்டு பாதுகாப்பு வசதியும் ஆன்ல இருக்கணும், அவ்ளோதான். மகன்கிட்ட நீங்க கேக்க வேண்டியது ஒன்னே ஒன்னு: "நீ வெளயாடற மூனு கேம் பேரு எழுதி குடு." வலோரண்ட், ரோப்ளாக்ஸ், மொபைல் லெஜன்ட்ஸ்னு எழுதுனான்னா (கடைசியா சொன்னது போன் கேமு!) 6000 வேண்டாம், அதுல பாதிக்கும் கீழயே முடிஞ்சிடும். சைபர்பங்க் மாதிரி பெருசா எழுதுனா அப்ப உக்காந்து பேசுவோம், கடைக்கு கூட்டிட்டு வாங்க.

கேள்வி: ரெண்டு லேப்டாப்பு, ரெண்டுலயும் ஆர்டிஎக்ஸ் 4060, ஒன்னு 800 வெள்ளி கம்மி. கம்மியானத எடுத்தா போதும்லண்ணே? சாலாக்ல இருந்து கேக்கறேன்.

பதில்: தம்பி, இங்கதான் ஊரே ஏமாறுது, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன். லேப்டாப் கார்டுக்கு பேரு மட்டும் பாத்தா பத்தாது, அதுக்கு எவ்ளோ கரண்ட்ட கம்பெனிக்காரன் திறந்து விட்டிருக்கான்னு பாக்கணும், அத வாட்ல சொல்லுவாங்க, கடையில டிஜிபின்னு கேளு. லேப்டாப் 4060 கார்ட 35 வாட்ல இருந்து 115 வாட் வரைக்கும் கம்பெனிக்காரன் இஷ்டத்துக்கு வச்சுக்கலாம், பூஸ்ட்ட சேத்தா சில மாடல்ல 140 வரைக்கும் போகும். ஒரே லோரி எஞ்சின்தான், ஒருத்தன் எண்ணெய முழுசா ஊத்துறான், ஒருத்தன் ஸ்பூன்ல ஊத்துறான், செம்பனை ஏத்திக்கிட்டு மேடு ஏறும்போது வித்தியாசம் தெரியும்ல, அந்த மாதிரி. 45 வாட் 4060 போட்ட மெல்லிசு லேப்டாப்ப 95 வாட் கெடைக்கற 4050 சில கேம்ல முந்திடும், நானே கடையில பக்கத்துல பக்கத்துல வச்சு ஓட்டிப் பாத்தேன். ஆனா 4060ல 8 ஜிபி கார்டு மெமரி, 4050ல 6 ஜிபிதான், புது பெரிய கேமுக்கு 6 இப்பவே மூச்சு முட்டுது, அதையும் மனசுல வச்சுக்க. கம்பெனி சைட்டுல அந்த மாடல் பேஜ்ல கீழ சின்ன எழுத்துல வாட் போட்டிருப்பான். கடையில மெஷின் ஆன்ல இருந்தா என்விடியா கன்ட்ரோல் பேனல்ல சிஸ்டம் இன்ஃபர்மேஷன் தொறந்து பாரு, மேக்ஸிமம் கிராஃபிக்ஸ் பவர்னு வரும். சேல்ஸ்மேன் முழிச்சான்னா நீயே தொறந்து பாத்துக்க. 800 வெள்ளி எங்க போச்சுன்னு அங்கயே தெரிஞ்சிடும். சில நேரம் ஸ்க்ரீன்லயும் அடிச்சிருப்பான், 144 ஹெர்ட்ஸ்னு பெருசா போட்டிருக்கும், கலரு பாத்தா தண்ணி ஊத்துன சாம்பாரு மாதிரி வெளுத்து இருக்கும்.

கேள்வி: அண்ணே எங்க வீடு பழைய லயம், தகரக் கூரை. மத்தியானம் கேம் போட்டா ஃபேன் பொய்லர் மாதிரி கத்துது, பத்து நிமிசத்துல தானா ஆஃப் ஆகுது. வாங்கி ரெண்டு வருசம். லேப்டாப் போச்சா?

பதில்: போகல தம்பி, பயப்படாத. கேமிங் லேப்டாப்ல வெளயாடறப்ப புராசஸர் 90 டிகிரிக்கு மேல போறது சகஜம், அதுக்கேத்த மாதிரிதான் செஞ்சிருக்கான், ரொம்ப தாண்டுனா தன்ன காப்பாத்திக்க தானா ஆஃப் ஆகும். ஆனா பத்து நிமிசத்துல ஆஃப்னா உள்ள அடைச்சிருக்குன்னு அர்த்தம். போன வாரம் லிந்தாங்ல இருந்து ஒரு பையன் கொண்டாந்தான், இதே கதை. தெனமும் வெளிய இருந்து பெயின்ட் ப்ரஷ்ல தொடைக்கறேன்ணேன்னு சொல்றான். பின்னாடி மூடி கழட்டி ஃபேன தூக்குனா, ஃபேனுக்கும் அந்த செம்பு தகடு வரிசைக்கும் நடுவுல அப்படியே ஒரு கம்பளித் துண்டு. இடுக்கியால ஒரு ஓரத்த புடிச்சு இழுத்தா முழுசா உரிஞ்சி வருது, தலைமுடி, மெத்த பஞ்சு, செம்மண்ணு, ஒரு எறும்பு ரெக்க. வெளிய இருந்து ஊதுனா அது போகவே போகாது, இன்னும் நல்லா அடைச்சுக்கும். கழுவி, தெர்மல் பேஸ்ட் மாத்தி குடுத்தேன், பதினஞ்சு டிகிரி எறங்குச்சு. நீயும் மெத்தை மேல வச்சுதான வெளயாடற? மெத்தை காத்து இழுக்கற ஓட்டைய மூடிடும். பலகை மேல வை, பின்பக்கம் ரெண்டு பாட்டில் மூடிய முட்டு குடு, 50 வெள்ளி கூலிங் பேட் செய்யறதுல பாதிய அதுவே செய்யும். வருசத்துக்கு ஒரு தடவ கழுவு. தகரக் கூரைக்கு கீழ மத்தியானம் ரெண்டு மணிக்கு மனுசனாலயே முடியல, ராத்திரி வெளயாடு.

கேள்வி: தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஸ்லைடு, மதிப்பெண், ஆன்லைன் மீட்டிங். தோள்பட்டை வலி வேற. கேமிங்னா ரொம்ப நாள் உழைக்கும்னு வீட்டுக்காரர் சொல்றார்.

பதில்: டீச்சர், வேண்டவே வேண்டாம். ஒரு நாள் சும்மா இருக்கறப்ப பக்கத்து கோழிக்கடை தராசுல வச்சு பாத்தேன். கேமிங் லேப்டாப் 2.4 கிலோ, அதோட சார்ஜர் செங்கல்லு 700 கிராம், சேத்து மூனு கிலோவுக்கு மேல, கோழிக்கடைக்காரர் "உறிச்சதா உறிக்காததா"ன்னு கேட்டாரு. லேசானது சார்ஜரோட ஒன்ற கிலோ, சார்ஜரும் 65 வாட் டைப்-சி, போன் சார்ஜர விட கொஞ்சம்தான் பெருசு. ஒரே விசயம், லேசான லேப்டாப் நெறய மாடல்ல ரேம போர்டுலயே ஒட்டிடறான், பின்னாடி கூட்ட முடியாது, அதனால வாங்கறப்பவே 16 ஜிபி. ரெசிட் உங்க பேர்ல வாங்குங்க, வருமான வரியில காயா ஹிடுப் (வாழ்க்கை முறை செலவு) விலக்கு 2500 வெள்ளி வரைக்கும் இருக்கு, கம்ப்யூட்டர் அதுல சேரும், ரெசிட்ட ஏழு வருசம் பத்திரமா வச்சுக்கணும்.

கேள்வி: ஸ்னாப்ட்ராகன் புராசஸர் போட்ட லேப்டாப் நாள் முழுக்க பேட்டரி நிக்குமாம்ல?

பதில்: நிக்குது, உண்மைதான். ஆனா சில கேமு, பழைய பிரிண்டர் டிரைவர், சில இன்ஜினியரிங் சாஃப்ட்வேர் ஓடாது. பிரவுசர், எழுத்து வேலை மட்டும்னா எடுங்க.

கேள்வி: தம்பி, நான் ரிட்டயர் ஆன கிராணி. பேரனுக்கு செகண்ட்-ஹேண்டு கேமிங் ஒன்னு பாத்தேன், இம்போர்ட் செட்டாம், ரொம்ப மலிவு.

பதில்: ஐயா, மலிவுக்கு காரணம் இருக்கும். இம்போர்ட் செட்டுக்கு நம்ம நாட்டு வாரன்ட்டி பெரும்பாலும் கெடைக்காது, கடைக்காரன் குடுக்கற வாரன்ட்டி கடை இருக்கற வரைக்கும்தான். வின்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சு போச்சு, அதனால இன்டெல்னா எட்டாவது தலைமுறைக்கு கீழ தொடாதீங்க, 11 முறையா ஏறாது. செகண்ட்-ஹேண்டு கேமிங்ல முக்கியமா பாக்க வேண்டியது பேட்டரி, ராத்திரி பகலா பிளக்லயே கெடந்து உப்பியிருக்கும். மேசைல வச்சு டச்பேட தடவி பாருங்க, மேடா தூக்கிட்டு இருந்தா வந்த வழியே திரும்பிடுங்க. கடையில வாங்கி ஏமாந்துட்டா பயனீட்டாளர் ட்ரிபுனல் இருக்கு, அஞ்சு வெள்ளி கட்டி கேஸ் போடலாம், 50,000 வெள்ளி வரைக்கும், லாயர் தேவையில்ல. அதுக்கும் ரெசிட் வேணும்.

கேள்வி: இடி இடிச்சா கேமிங் மட்டும் சீக்கிரம் அடி வாங்குமாண்ணே?

பதில்: இடிக்கு கேமிங்கும் ஒன்னுதான் மத்ததும் ஒன்னுதான். வித்தியாசம் என்னன்னா லேசானத புடுங்கிட்டு பேட்டரில வேலை பாக்கலாம், கேமிங்காரன் மேட்ச் நடுவுல இருப்பான், புடுங்க மனசு வராது, ஏன்னா பேட்டரில ஓட்டுனா கார்டுக்கு கரண்ட் கொறஞ்சு கேமு தடுக்கும், அதுவும் ஒரு மணி நேரம்தான். சாயங்கால மழை சீசன்ல எனக்கு வர்ற செத்த போர்டுல பாதி அந்த மாதிரி கேஸ்தான். சுவிட்ச அமத்துனா பத்தாது, பிளக்க கழட்டு, மோடத்தையும் சேத்து.

கேள்வி: அண்ணே நீங்க உங்க பிள்ளைக்கு என்ன வாங்கி குடுத்தீங்க? அத சொல்லுங்க மொதல்ல.

பதில்: மாட்டி விட்டுட்டீங்க. மக யூனிவர்சிட்டி போறப்ப அப்பா லேப்டாப் கடைக்காரன்கற பெருமையில பெரிய கேமிங் லேப்டாப்பா வாங்கி குடுத்தேன், அவ படிச்சது அக்கவுண்டிங். கேக்கவே இல்ல நான், எது வேணும்னு. மொத செமஸ்டர் லீவுல வீட்டுக்கு வந்தப்ப பேக்ல லேப்டாப் இல்ல, மூனு நோட்டுப் புத்தகம். லெக்சர் ஹால்ல பிளக் பின்வரிசை செவுத்துல மட்டும்தான்பா, அங்க ஒக்காந்தா போர்டு தெரியல, ஃபேன் சத்தத்துக்கு எல்லாரும் திரும்பி பாக்கறாங்கன்னா. நான் கடையில பில்லு போட வச்சிருந்த பழைய 1.3 கிலோ லேப்டாப்ப கேட்டா, எடுத்துக்கிட்டு போனா, அதுலயே டிகிரிய முடிச்சிட்டா. அவ கேமிங் லேப்டாப் இப்ப என் கவுண்டர்லதான் இருக்கு, பிளக்ல மாட்டியபடி, இந்தப் பதிலெல்லாம் அதுலதான் டைப் பண்றேன். ஃபேன போன மாசந்தான் கழுவுனேன்.