சுமந்தாளா, தூக்கினாளா?

அன்புள்ள ஐயா,

ஓர் ஆங்கிலச் சிறுகதையை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். காய்ச்சல் கண்ட பிள்ளையோடு ஒருத்தி மூன்று மைல் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். மூலத்தில் ‘கேரி’ (carry) என்ற வினைதான் இருக்கிறது. ‘பிள்ளையைச் சுமந்து சென்றாள்’ என்று எழுதினேன். படித்துப் பார்த்த என் அக்கா, “என்னவோ மூட்டை மாதிரி இருக்கே” என்கிறார். அதே கதையில் இந்தச் சொல் இன்னும் நாலைந்து இடங்களில் வேறு வேறு பொருளில் வருகிறது. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு தமிழ்ச் சொல் உண்டா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

கிடையாது. உங்கள் அக்கா சொல்வதுதான் சரி.

‘கேரி’ வண்டியோடு பிறந்த சொல். பழைய ஐரோப்பாவில் வாழ்ந்த கெல்ட்டியர் தங்கள் வண்டிக்கு வைத்திருந்த பெயரை ரோமானியர்கள் ‘கார்ருஸ்’ என்று எடுத்துக்கொண்டார்கள். அது பிரான்சின் வடக்கே ‘வண்டியில் ஏற்றிப் போவது’ என்று வினையாகி, இங்கிலாந்தை வென்ற நார்மன்கள் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. ரோட்டில் ஓடும் காரும் கப்பலில் ஏறும் கார்கோவும் அதற்குப் பங்காளிகள். அதனால் அந்தச் சொல்லுக்குச் சாமான் இங்கிருந்து அங்கே போனால் போதும். தலையிலா, தோளிலா, இடுப்பிலா என்று அது கேட்பதில்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வயதானவர் ஒருவர் ‘அம்மாவைச் சர்ச்சுக்கு கேரி பண்ணினேன்’ என்றால் கூட்டிக்கொண்டு போனேன் என்றுதான் அர்த்தம். அம்மாவைத் தூக்கவில்லை.

தமிழ் முதலில் உடம்பைக் கேட்கும். விறகைத் தலையில் சுமக்கிறோம். குடத்தை இடுப்பில் வைத்துக்கொள்கிறோம். துண்டைத் தோளில் போடுகிறோம். விளக்கைக் கையில் ஏந்துகிறோம். காவடி எடுக்கிறோம், பல்லக்குத் தூக்குகிறோம். பிள்ளை விஷயத்தில் ‘சுமந்தாள்’ என்றால் நமக்கு உடனே வயிறுதான் நினைவு வரும், பத்து மாதம் சுமந்து பெற்றது. பிறந்த பிறகும் சுமக்கிறாள் என்றால் அதில் ஒரு குறை, ஓர் அலுப்பு ஏறிவிடும். அக்காவுக்கு மூட்டை தெரிந்தது அதனால்தான்.

ஆங்கிலத்திலும் பாரத்தைத் தாங்கும் ஆளைப் பார்க்கிற சொல் தனியாக உண்டு: ‘பேர்’, அதாவது bear. (தமிழில் எழுதினால் ஊர் பேர் மாதிரி ஆகிவிடுகிறது, என்ன செய்ய.) பிள்ளை பெறுவதற்கும், வலியைப் பொறுப்பதற்கும், எடை தாங்குவதற்கும் அந்த ஒரே சொல்தான். வடமொழி வழியாக நம்மிடம் வந்த ‘பாரம்’ அதே வேரில் கிளைத்தது. நம்முடைய ‘பொறு’வும் இப்படித்தான். சங்கத் தமிழில் பொறை என்றால் சுமை. இன்று பொறுமையும் பொறுப்பும் அந்த வீட்டில்தான் இருக்கின்றன.

மற்ற இடங்கள் சுலபம். தீர்மானம் ‘கேரி’ ஆனால் நிறைவேறியது. குரல் ‘கேரி’ ஆனால் எட்டியது. கடைக்காரர் ஒரு சரக்கை ‘கேரி’ பண்ணவில்லை என்றால், “அது நாங்க வச்சிருக்கறதில்ல.” கூட்டல் கணக்கில் வந்தால் ‘மீதி ஒன்று’, பாடப்புத்தகம் இனமாற்றம் என்று சொல்லும், பிள்ளைகள் மீதி என்றுதான் சொல்வார்கள். நோயைக் ‘கேரி’ செய்கிறவர்தான் கொஞ்சம் சிக்கல். நியூயார்க்கில் சமையல் வேலை பார்த்த மேரி மல்லன் டைபாய்டு கிருமியை உடம்பில் வைத்துக்கொண்டே நடமாடினார். 1907-இல் கண்டுபிடித்துத் தனிமைப்படுத்தினார்கள். நோய்க்கடத்தி என்று எழுதினால் தங்கக் கடத்தல் மாதிரி ஒலிக்கிறது. எனக்கு ‘நோய்தாங்கி’ பிடிக்கும்.

தாங்கி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எங்கள் ஊர்ப் பழைய வண்டிப்பாதையில் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக்கல், ஏறக்குறைய தோள் உயரம். தலைச்சுமையைத் தனி ஆளாகக் கீழே இறக்கினால் திரும்பத் தூக்கிவிட இன்னொரு கை வேண்டும். பாட்டி சும்மாட்டைச் சரிசெய்துகொண்டே “ஒரு கை பிடிடா” என்பாள், நான் குடத்தின் அடியைப் பிடிப்பேன். ஆள் இல்லாத வழியில் அந்தக் கல்தான் துணை. குனியாமல் சுமையை அதன்மேல் நகர்த்திவிட்டு, மூச்சு வாங்கியபின் அப்படியே தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டே இறந்துபோன பெண்களின் நினைவாக இப்படிக் கல் நடுவது அந்தக் காலத்து வழக்கம். இறக்கிவைக்க முடியாமல் போனவளுக்காக வழியில் போகிறவன் இறக்கிவைக்க ஓரிடம்.

சரி, உங்கள் வாக்கியத்துக்கு வருகிறேன். கதையில் பிள்ளைக்கு என்ன வயது என்று பாருங்கள். கைக்குழந்தை என்றால் ‘மார்போடு அணைத்துக்கொண்டு’. இரண்டு வயது என்றால் ‘இடுப்பில் வைத்துக்கொண்டு’. ஆறேழு வயதுப் பிள்ளை காய்ச்சலில் துவண்டு கிடந்தால் ‘தோளில் போட்டுக்கொண்டு’. வயதே சொல்லவில்லை என்றால் ‘தூக்கிக்கொண்டு நடந்தாள்’ போதும். மூன்று மைலில் எத்தனையோ தடவை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றியிருப்பாள். ஆனால் மூலத்தில் இல்லாவிட்டால் அதை நீங்கள் சேர்க்காதீர்கள்.