மனச்சோர்வு என்றால் மூளையில் செரோடோனின் குறைந்துவிட்டது என்று அர்த்தமா?

இல்லை, அவ்வளவு நேரடியான கணக்கு அல்ல அது. செரோடோனின் என்பது நரம்பணுக்கள் தங்களுக்குள் செய்தி கடத்தப் பயன்படுத்தும் ஒரு வேதிப்பொருள். இந்த எண்ணம் பிறந்த கதையே சுவையானது. 1950களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் சீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு ஐப்ரோனியசிட் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். படுக்கையோடு கிடந்தவர்கள் எழுந்து நடைவழியில் ஆட ஆரம்பித்துவிட்டார்கள்! செரோடோனின் போன்றவை சிதைவதை அந்த மருந்து தடுக்கிறது என்று தெரிந்தது. 'அப்படியானால் குறைவுதான் நோய்' என்ற கருத்து வேர்விட்டது.

ஆனால் ஓரிடத்தில் இடிக்கிறது. ஃப்ளுவாக்ஸெடின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள், இரு நரம்பணுக்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் செரோடோனினைச் சில மணி நேரத்திலேயே கூட்டத் தொடங்கிவிடும். மனம் தெளியவோ இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகிறது. வெறும் பற்றாக்குறை என்றால் அன்றைக்கே சரியாகியிருக்க வேண்டுமே? நரம்பணுக்களின் இணைப்புகள் மெல்ல மெல்ல மாறுவதால்தான் இந்தத் தாமதம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

அப்புறம் மூளையின் அமைப்பு. நெடுநாள் மனச்சோர்வில், நினைவைக் கையாளும் ஹிப்போகேம்பஸ் சராசரியாகச் சற்றுச் சிறுத்திருக்கிறது. ஆனால் இது பலரைச் சேர்த்துப் பார்த்த சராசரிதான். ஒருவருடைய ஸ்கேனை மட்டும் பார்த்து மனச்சோர்வு என்று உறுதிசெய்ய முடியாது.

இதனால் மாத்திரை வீண் என்று நினைத்துவிடாதீர்கள். பாரசிட்டமால் காய்ச்சலைத் தணிக்கிறது. அதற்காக, உடம்பில் பாரசிட்டமால் குறைந்துதான் காய்ச்சல் வந்தது என்போமா? பத்து நாளில் 'ஒன்றுமே தெரியலையே' என்று பாதி அட்டையை அலமாரியில் போட்டுவிடாமல், முதலில் மருத்துவரிடம் பேசுங்கள்.