பரவும் தடுப்பூசி என்றால் என்ன? காட்டு விலங்குகளுக்கு அதைப் போட ஏன் தயங்குகிறார்கள்?

ஒரு விலங்குக்குப் போட்டால் அதிலிருந்து மற்ற விலங்குகளுக்குத் தானாகவே தொற்றும் தடுப்பு மருந்துதான் இது. காட்டில் ஒவ்வொரு முயலையும் பிடித்து ஊசி போட முடியுமா? அதனால் வீரியம் குறைந்த, ஆனால் பரவக்கூடிய வைரஸையே மருந்தாக்குகிறார்கள். ஒரு கரண்டி மோரை உறை ஊற்றினால் பானைப் பால் முழுக்கத் தயிராகிவிடுகிறதே, அதுபோல. தயிரை மறுபடி பாலாக்க முடியாது, சிக்கலும் அதுதான்.

1999-இல் ஸ்பெயினின் மெனோர்கா அருகே, இஸ்லா தெல் ஐரே என்ற குட்டித் தீவில் முயல்களிடம் இதைச் சோதித்தார்கள். முயல்களைக் கொல்லும் மிக்ஸோமா என்ற வைரஸின் வீரியம் குறைந்த வகையில், முயல்களின் ரத்தக்கசிவு நோய்க் கிருமியின் மரபணு ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். ஊசி போடாத முயல்களிலும் சுமார் பாதிக்கு எதிர்ப்புப் புரதங்கள் உருவாகியிருந்தன.

சரி, அப்புறம் ஏன் தயக்கம்? பரவப் பரவ வைரஸ் மாறும். எப்படி மாறும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. தேச எல்லையும் அதற்குத் தெரியாது. ஸ்பெயின் காப்பாற்ற நினைக்கும் அதே முயலை ஒழிக்கத்தான் ஆஸ்திரேலியா 1950-இல் மிக்ஸோமாவை அவிழ்த்துவிட்டது. ஆகவே ஒரே ஒரு நாடு அனுமதி தந்தால் போதாது என்பது என் கருத்து.

ஐரோப்பாவில் நரிகளுக்காகக் காட்டில் போடும் ரேபிஸ் மருந்து வைத்த இரையைப் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது தின்ற விலங்கை மட்டுமே காக்கும், அடுத்ததற்குப் பரவாது.