மாலைதீவில் மாலே, அத்தூ, ரிசோட்: எங்கே வாழ்க்கைச் செலவு குறைவு?

கேள்வி கல்முனையிலிருந்து. மாலேயில் ஒரு கணக்காளர் வேலை, அத்தூவில் கடையொன்றில் வேலை, ரிசோட் ஒன்றில் முன்வரவேற்பு வேலை என மூன்று கடிதங்கள் கையில் இருக்கின்றன. எங்கே செலவு குறைவு, எங்கே காசு மிஞ்சும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சாமான் விலையை வைத்து அந்தத் தீவுகளை ஒப்பிட்டால் கணக்குப் பிழைத்துவிடும். அரிசி, மா, சீனியை அங்கே எஸ்.டி.ஓ. என்ற அரச நிறுவனம் இறக்கி மானிய விலையில் கொடுக்கிறது. அவை மாலேயிலும் தெற்கே உள்ள அத்தூவிலும் ஏறக்குறைய ஒரே விலைதான். அவற்றுக்கும் மீன், மரக்கறி, முட்டைக்கும் ஜி.எஸ்.டி. என்ற விற்பனை வரி கிடையாது, மற்றப் பெரும்பாலான சாமானுக்கும் கடைச் சாப்பாட்டுக்கும் 8 சதவீதம். உங்கள் பொக்கற்றைக் காலியாக்குவது வாடகையும், கப்பலில் வரும் மரக்கறியும், டொலர் மாற்றும்தான்.

மாலே சுமார் 2 சதுர கிலோமீற்றர் தீவு. இரண்டு அறை வீடு 15,000 ரூபியாவுக்கு (மாலைதீவுக் காசு) கீழே கிடைப்பது கஷ்டம், அது அரச மாற்று வீதப்படி 970 டொலர் அளவில் வரும். முற்பணமாக இரண்டு மூன்று மாத வாடகையும் கேட்பார்கள். அதனால்தான் நம்மவர்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து ஒரே வீட்டில் இருக்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது கரண்ட் பில். அங்கே கரண்ட் பெரும்பாலும் டீசல் ஜெனரேற்றரில் வருவது. யூனிட் கூடக் கூட யூனிட்டின் விலையும் படிப்படியாக ஏறும். ஒரு டன் ஏசி மணித்தியாலத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு யூனிட் இழுக்கும், இரவில் 8 மணித்தியாலம் போட்டால் மாதம் 240 யூனிட். மூன்று அறைக்கு ஒரே மீற்றர் என்றால் மூன்று ஏசியும் சேர்ந்து எல்லோரையும் உச்சப் படிக்குத் தள்ளிவிடும். ஏசியே போடாதவரும் அந்த விலையில்தான் பங்கு கட்டுவார். ரூமுக்குத் தனி சப் மீற்றர் இருக்கிறதா என்று கேட்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். 2018இல் பாலம் திறந்த பிறகு பக்கத்துத் தீவான ஹுலுமாலேயில் இருந்து பஸ்ஸில் வேலைக்கு வரலாம். இடம் கொஞ்சம் தாராளம், வாடகையில் பெரிய இறக்கத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

அத்தூ மாலேக்குத் தெற்கே 540 கிலோமீற்றர் அளவில். ஹிததூ தொடங்கி கான் வரை தீவுகள் தெருவால் இணைந்திருப்பதால் சைக்கிளிலேயே சமாளிக்கலாம். வாடகை மாலேயுடன் ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. பின்னேரம் தோணிகள் கரைக்கு வரும்போது சூரை மீன் மலிவாகக் கிடைக்கும். மரக்கறிதான் பிரச்சினை. பெரும்பகுதி இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்து மாலேக்கு வந்து, அங்கிருந்து சரக்குத் தோணியில் ஏறுகிறது. நம் பக்கம் கச்சான் அடிக்கும் மே முதல் செப்டெம்பர் வரை பாசிக்குடாக் கடல் குளம் மாதிரி இருக்கும், அங்கே கொந்தளிக்கும். தோணி பிந்தினால் தக்காளி, முட்டை எல்லாம் கடையிலிருந்து காணாமல் போகும். கிடைப்பதற்கும் விலை ஏறிவிடும். லீவில் ஊருக்கு வரும் செலவையும் சேர்த்துப் பாருங்கள். உள்நாட்டு விமானத்தில் வெளிநாட்டவருக்கு உள்ளூர்க்காரரை விடக் கூடின கட்டணம். வாடகையில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கை அது விழுங்கும்.

ரிசோட்டில் கட்டில், சாப்பாடு, தண்ணீர், கரண்ட் எல்லாம் கம்பனி. சம்பளத்துக்கு மேல், விருந்தினர் பில்லில் போடும் 10 சதவீத சேர்விஸ் சார்ஜ் ஊழியர்களுக்குப் பிரிபடும். பாசிக்குடாவிலோ அறுகம்பையிலோ ஹோட்டலில் நின்றவர்களுக்கு இது விளங்கும்: சீசன் மாதத்தில் கைநிறைய, ஓஃப் சீசனில் சொச்சம். ஆகவே ‘அவரேஜ் இவ்வளவு’ என்ற பேச்சை விட்டுவிட்டு, போன 12 மாதத்துக்கும் மாதம் மாதமாக ஒருவருக்கு எவ்வளவு கிடைத்தது என்று கேட்டு வாங்குங்கள். குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது.

இனி டொலர். அரச மாற்று வீதம் ஒரு டொலருக்கு 15.42 ரூபியா. சம்பளம் ரூபியாவில் என்றால் வங்கியில் தேவையான அளவு டொலர் கிடைக்காது, வெளியில் கூடின விலைக்கு வாங்க வேண்டிவரும். 10,000 ரூபியா அரச வீதத்தில் 648 டொலர். வெளியில் 18 என்று வைத்தாலும் 555தான். மாதம் 93 டொலர் போகிறது. டொலரில் எழுதிய கடிதத்தையும் ரூபியாவில் எழுதிய கடிதத்தையும் 15.42ஆல் பெருக்கி ஒப்பிடுவது பிழை, டொலரில்தான் கொடுப்போம் என்று கடிதத்திலேயே இருக்க வேண்டும்.

உங்கள் மூன்றையும் பார்த்தால், தனியாள் என்றால் ரிசோட். மாலே வேலையில் ரூமும் டொலர் சம்பளமும் எழுத்தில் இருந்தால் மட்டும் அதை யோசியுங்கள். அத்தூ, மனைவி பிள்ளைகளோடு போகிறவருக்கு, அதுவும் வீசாவுக்குக் கம்பனி சம்மதித்தால்.

பணி வீசாக் கட்டணம் மாதம் 350 ரூபியா, வெளிநாட்டு ஊழியரை எடுக்கும் அனுமதிக்கான கோட்டாக் கட்டணம் வேறு. இரண்டும் முதலாளி கட்ட வேண்டியவை. ஏஜென்சி உங்களிடம் கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். மருத்துவக் காப்புறுதி யார் பொறுப்பு என்றும் பாருங்கள், உள்ளூர்க்காரருக்கான ஆசந்தா திட்டம் நமக்கு இல்லை. பெட்டியில் மிளகாய்த்தூள், கறித்தூள், காய்ந்த கறிவேப்பிலை, ஒரு சின்ன ரைஸ் குக்கர் போதும். மதுவும் பன்றி இறைச்சியும் மட்டுமல்ல, வழிபாட்டுச் சிலைகளும் சுங்கத்தில் தடை. சாமி அறைச் சாமானை வீட்டிலேயே விட்டுப் போங்கள்.