அப்பத்தாவின் டிரங்குப் பெட்டியும் பரணில் தொங்கும் விதைப்பூண்டும்

கேள்வி: ஐயா, கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறையிலிருந்து எழுதுகிறேன். எங்களை வளர்த்த அப்பத்தா போன தை மாதம் தவறிவிட்டார். அவருடைய டிரங்குப் பெட்டியில் 2009 ஜூனில் வாங்கிய 10,000 ரூபாய் கிசான் விகாஸ் பத்திரம் இரண்டு, 2013-க்குப் பிறகு வரவு செலவே இல்லாத வங்கிப் பாஸ் புத்தகம், பழைய 500 ரூபாய் நோட்டு 23, 2,000 ரூபாய் நோட்டு 4, இரண்டு பவுன் சங்கிலி ஒன்று இருந்தன. இவற்றை என்ன செய்வது? இன்னொன்று. அப்பத்தாவுக்கு வந்த காசு கொஞ்சம்தான், ஆனாலும் கையில் எப்போதும் ஏதாவது இருக்கும். எங்களுக்குப் பூண்டு விற்ற பணம் இரண்டு மாதம்கூடத் தங்குவதில்லை. அவரைப் போல மிச்சம் பிடிக்க இப்போது முடியுமா?

பதில்: பெட்டியை முதலில் பார்ப்போம், அம்மா. அதில் சிலவற்றுக்கு அவசரம் உண்டு.

பத்திரங்களில் ஆரம்பியுங்கள். 2009-ல் வாங்கிய கிசான் விகாஸ் பத்திரம் 8 வருடம் 7 மாதத்தில் இரட்டிப்பாகும். உங்களுடையவை 2018 ஜனவரியிலேயே முதிர்ந்துவிட்டன. இரண்டும் சேர்ந்து 40,000 ரூபாய். இரட்டிப்பு அன்றோடு முடிந்தது, இனிமேல் பெட்டியில் வைத்திருப்பதில் பலனில்லை. பத்திரத்தில் எந்த அஞ்சலகத்தின் முத்திரை இருக்கிறதோ அங்கே போய், பதிவேட்டில் நாமினி பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். பெயர் இருந்தால் இறப்புச் சான்று, அசல் பத்திரம், நாமினியின் ஆதார், பான், இறந்தவர் கணக்கைத் தீர்க்கும் விண்ணப்பம், இவ்வளவு போதும். நாமினி பணத்தை வாங்கும் உரிமை உள்ளவர்தான். அது யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை வாரிசு உரிமை தீர்மானிக்கும். அப்பாவும் அத்தைமார்களும் இருந்தால் இதை முதலிலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள். 40,000 ரூபாய்க்காக வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாமல் போன குடும்பங்கள் உண்டு.

நாமினி போடாமல் விட்டிருந்தாலும் நீதிமன்றம் வரை போக வேண்டாம். சிறுசேமிப்பில் 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால், இறந்து ஆறு மாதம் கழிந்த பிறகு உறுதிமொழிப் பத்திரம், மற்ற வாரிசுகளின் விட்டுக்கொடுப்புக் கடிதம், ஈட்டுறுதிப் பத்திரம் (பின்னால் வேறு யாராவது உரிமை கோரினால் இழப்பை ஈடுகட்டுவோம் என்று எழுதித் தருவது) ஆகியவற்றை வைத்தே அஞ்சலகம் பணம் தரலாம். அதற்கு வாரிசுச் சான்று கையில் இருப்பது நல்லது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் அலுவலகம் வழங்கும். வேலை பெரும்பாலும் சிக்குவது பெயரில்தான். பத்திரத்தில் ‘காளியம்மாள்’, ஆதாரில் ‘காளியம்மா’, இறப்புச் சான்றில் தகப்பன் பெயரோடு வேறொன்று என்று இருந்தால் மூன்றையும் ஒரே ஆளுடையது என்று நிரூபிக்கச் சொல்வார்கள். வாரிசுச் சான்றுக்குப் போகும்போதே இந்த மூன்று பெயரையும் ஒத்துப் பாருங்கள், அலைச்சல் பாதி குறையும். பத்திரத்தை லேமினேஷன் செய்துவிடாதீர்கள்.

வங்கிக் கணக்கில் பத்து வருடத்துக்கு மேல் நடமாட்டம் இல்லாததால், அந்தப் பணம் ரிசர்வ் வங்கியின் வைப்புதாரர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்குப் போயிருக்கும். போனதால் தொலைந்துவிடவில்லை. அதே வங்கிக் கிளையில் இறப்புச் சான்றும் வாரிசு ஆவணமும் கொடுத்துக் கேட்டால் திரும்பக் கிடைக்கும். அப்பத்தாவுக்கு வேறு வங்கியிலும் கணக்கு இருந்ததோ என்று சந்தேகம் இருந்தால், ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் தொடங்கிய உத்கம் இணையதளத்தில் அவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அஞ்சலகக் கணக்கு அதில் வராது, அதை நேரில்தான் கேட்க வேண்டும்.

அந்த 23 பழைய 500 ரூபாய் நோட்டுகளுக்கு இனி மதிப்பில்லை. சொல்லவே மனது கஷ்டமாக இருக்கிறது, ஒவ்வொன்றும் எத்தனை நாள் களையெடுத்த கூலியோ. ஆனால் இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. 2017-ல் வந்த சட்டப்படி இந்த நோட்டுகளைப் பத்துக்கு மேல் வைத்திருப்பது குற்றம். 10,000 ரூபாய் அல்லது முகமதிப்பைப் போல ஐந்து மடங்கு, எது அதிகமோ அதுவரை அபராதம் உண்டு. உங்கள் கணக்கில் அது 57,500 ரூபாய். நினைவுக்கு இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கிழித்துப்போட்டுவிடுங்கள். கமிஷனுக்கு மாற்றித் தருகிறேன் என்று எவராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2,000 ரூபாய் நோட்டு இன்னும் செல்லும். கடைக்காரர் வாங்காவிட்டாலும், அதற்கான படிவம், அடையாள நகல், வங்கிக் கணக்கு விவரத்துடன் சென்னை ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பினால் 8,000 ரூபாயும் உங்கள் கணக்கில் வரவாகும். காப்பீடு செய்த தபாலில் அனுப்புங்கள்.

சங்கிலியை அவசரப்பட்டு விற்க வேண்டாம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. பூம்பாறை வீடுகளில் அடுப்புக்கு மேலே பரணில் கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்ட விதைப்பூண்டை நினைத்துப் பாருங்கள். அறுவடையில் பெருத்த பூண்டாகப் பார்த்து முதலில் எடுத்து வைப்பார்கள். அடுப்புப் புகை பட்டுப் பட்டு அது கெடாமல் அடுத்த நடவு வரை நிற்கும். வீட்டில் ரசத்துக்குப் பூண்டு இல்லை என்றாலும் அதில் ஒரு பல் உரிக்க மாட்டார்கள். மிச்சம்தான் சாக்கில் ஏறி வடுகபட்டி சந்தைக்குப் போகும். அப்பத்தா காசையும் இப்படித்தான் நடத்தியிருக்கிறார். செலவு போக மிஞ்சியதை அவர் சேர்த்ததில்லை, சேர்க்க வேண்டியதை எடுத்து வைத்துவிட்டுத்தான் செலவுக்கு வந்திருக்கிறார். உங்களுக்குப் பணம் தங்காததற்குக் காரணம் ஊதாரித்தனம் என்று நான் நினைக்கவில்லை. ஆறு மாத வருமானம் மொத்தமாக ஒரே நாளில், ஒரே கணக்கில் விழுகிறது. வண்டித் தவணையும் பள்ளி வேன் கட்டணமும் பழைய பாக்கியும் அதே கணக்கைத்தான் பார்க்கின்றன.

ஆகவே சந்தைப் பணம் வந்த அன்றே பிரித்துவிடுங்கள். ஒரு போகத்துக்குச் செலவு போகக் கையில் 1,20,000 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த நடவுக்கு உரம், கூலிக்கென 35,000 ரூபாயை ஏடிஎம் கார்டே வாங்காத தனிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். குடும்பச் செலவுக்கு மாதம் 11,000 வீதம் ஆறு மாதத்துக்கு 66,000. திடீர்ச் செலவுக்கு 7,000. மீதி 12,000 ரூபாய் அஞ்சலகத் தொடர் வைப்புக்கு, அதாவது மாதம் 2,000 வீதம் ஆறு தவணை.

தொடர் வைப்பு மாதச் சம்பளக்காரருக்குத்தான் சரிவரும் என்று பலர் நினைக்கிறார்கள். போகத்துக்குப் போகம் பணம் பார்ப்பவருக்கு அதில் ஒரு வசதி இருக்கிறது. ஆறு தவணையை முன்கூட்டியே மொத்தமாகக் கட்டினால் மாதத் தவணையில் ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 10 ரூபாய் தள்ளுபடி. உங்களுக்கு 200 ரூபாய், அதாவது 12,000-க்குப் பதில் 11,800 கட்டினால் போதும். பன்னிரண்டு தவணை என்றால் நூற்றுக்கு 40 ரூபாய். 6.7 சதவீத வட்டியில் மாதம் 2,000 ரூபாய் ஐந்து வருடத்தில் சுமார் 1,42,700 ரூபாயாகும். வட்டி விகிதத்தை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றலாம், ஆனால் நீங்கள் கணக்குத் தொடங்கும் நாளில் உள்ள விகிதமே ஐந்து வருடமும் நிற்கும். தவணை தவறினால் மாதத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம். நான்கு தவணைக்கு மேல் தவறினால் கணக்கு நின்றுவிடும், இரண்டு மாதத்துக்குள் புதுப்பிக்காவிட்டால் மேற்கொண்டு கட்ட முடியாது. ஒரு போகம் விலை சரிந்து கட்ட முடியாமல் போகும் என்று பயந்தால், 2,000-க்குப் பதில் 1,000-ல் தொடங்குங்கள்.

பன்னிரண்டு தவணை கட்டிய பிறகு, சேர்ந்த தொகையில் பாதி வரை கடன் வாங்கலாம். வட்டி தொடர் வைப்பு வட்டியைவிட 2 சதவீதம்தான் கூடுதல், வருடத்துக்கு 8.7. மூணு வட்டிக்கு வெளியில் வாங்கினால் அதுவே வருடத்துக்கு 36.

ஒன்றில் மட்டும் அப்பத்தாவைப் பின்பற்ற வேண்டாம். அந்தத் தலைமுறை உடம்புக்கு வந்தாலும் கஷாயத்தோடு சமாளித்து மிச்சம் பிடித்தது. காட்டுமாடு முட்டியோ ஜீப் கவிழ்ந்தோ சம்பாதிப்பவர் போய்விட்டால் அந்த மிச்சம் ஒரு வருடம் தாங்காது. வங்கியில் வருடம் 20 ரூபாயில் 2 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடும், 50 வயதுக்குள் சேர்ந்தால் 436 ரூபாயில் 2 லட்சத்துக்கு ஆயுள் காப்பீடும் இருக்கின்றன. பிரீமியம் மே மாதக் கடைசியில் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும். அன்று இருப்பு இல்லாமல் போனால் காப்பீடு விட்டுப்போகும், எனவே நடவுப் பணம் உள்ள கணக்கிலேயே இதை இணைத்துவிடுங்கள்.

பத்திர வேலையாக அஞ்சலகம் போகும் அன்றே உங்கள் தொடர் வைப்பையும் தொடங்கிவிடலாம். நாமினி கட்டத்தை நிரப்பாமல் எழுந்து வராதீர்கள். வீடு வந்ததும் எல்லாக் கணக்கு எண்ணையும் ஒரு தாளில் எழுதி, அதே டிரங்குப் பெட்டியில் வைத்து, அது அங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரரிடமும் மூத்த பிள்ளையிடமும் சொல்லிவிடுங்கள்.