சாலையோர உதவித் திட்டத்தில் சேருவதா, வண்டி நின்றால் அன்றைக்குப் பணம் கொடுத்துக்கொள்வதா?

ஆண்டுச் சந்தா கட்டிச் சாலையோர உதவித் திட்டத்தில் சேருவது நல்லதா, வண்டி நின்றுபோகும் நாளில் இழுவை வண்டிக்குக் கையிலிருந்து கொடுத்துக்கொள்வது நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு வழியிலும் போய்ப் பார்த்தவன் நான். சந்தாத் தொகையையும் ஒருமுறை இழுப்பதற்கான கூலியையும் மட்டும் ஒப்பிட்டால் விடை கிடைக்காது என்பது என் கருத்து. உங்கள் வண்டி வழக்கமாக எவ்வளவு தூரத்தில் ஓடுகிறது, அங்கே நின்றால் எத்தனை கிலோமீட்டர் இழுக்க வேண்டியிருக்கும் என்பதே பெரும்பாலும் முடிவைச் சொல்லிவிடுகிறது.

இதை நான் தெரிந்துகொண்டது, சந்தா கட்டிக்கொண்டிருந்த காலத்தில்தான். வீட்டிலிருந்து 140 கிலோமீட்டர் தொலைவில், ஒரு சனிக்கிழமை மாலை, ரேடியேட்டரின் ரப்பர் குழாய் வெடித்து, வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டுக்கு ஏறியது. இன்ஜினை அணைத்து ஓரமாக நிறுத்திவிட்டு, திட்டத்தின் உதவி எண்ணை அழைத்தேன். ஒன்றேகால் மணி நேரத்தில் வண்டி வந்தது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால், காரை ஏற்றுவதற்கு முன்பு ஓட்டுநர் ஒரு தாளை நீட்டினார். கட்டணமில்லாத தூரம் 25 கிலோமீட்டர், அதற்குமேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனிக் கூலி என்று அதில் இருந்தது. அந்த 25 கிலோமீட்டருக்குள் ஒரு பணிமனை இருக்கத்தான் செய்தது, ஆனால் திங்கட்கிழமை காலையில்தான் திறப்பார்கள். அறிமுகமில்லாத ஊரில் இரண்டு இரவு தங்குவதைவிட, மீதி 115 கிலோமீட்டருக்கும் பணம் கொடுத்து எங்கள் மெக்கானிக்கிடமே கொண்டுவந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அன்று கொடுத்த தொகை, அதுவரை நான் கட்டியிருந்த சந்தா எல்லாவற்றையும் கூட்டினாலும் அதைத் தாண்டியது. ஒப்பந்தத்தில் எல்லாம் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். படிக்காமல் கையெழுத்திட்டவன் நான்.

பிறகு நிதானமாக யோசித்தபோதுதான் அந்தத் திட்டத்தின் அமைப்பே எனக்கு விளங்கியது. 10, 15 கிலோமீட்டர் இழுப்பதற்கான செலவை யாரும் பல்லைக் கடித்துக்கொண்டாவது கொடுத்துவிடுவார்கள். 100 கிலோமீட்டருக்கு மேல் இழுப்பதுதான் குடும்பச் செலவைக் குலைக்கும். நான் வாங்கியிருந்த மலிவுத் திட்டம் முதல் வகையை ஏற்றுக்கொண்டு இரண்டாவதை என் தலையில் விட்டிருந்தது. ஆகவே குறைந்த தூர வரம்புள்ள திட்டம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் இனி வாங்குவதில்லை. ஒன்று நீண்ட தூரத்துக்கான திட்டம், இல்லையென்றால் திட்டமே வேண்டாம்.

எதையும் வாங்குவதற்கு முன்பு, உங்களிடம் ஏற்கெனவே இருப்பதைத் தேடிப் பாருங்கள். புதிய கார்களுக்கு உற்பத்தியாளரின் உத்தரவாதத்துடன் சில ஆண்டுகளுக்குச் சாலையோர உதவியும் சேர்ந்து வருவது உண்டு. வாகனக் காப்பீட்டில் அது கூடுதல் இணைப்பாக இருக்கலாம். சில கடன் அட்டைகளிலும் இருக்கும். ஒரே உதவிக்கு மூன்று இடங்களில் பணம் கட்டிக்கொண்டிருந்த உறவினர் ஒருவர் எனக்கு உண்டு.

எதுவும் இல்லையென்றால் கணக்கைப் போடலாம். உங்கள் வழக்கமான பயணத் தூரத்தில் ஒருமுறை இழுக்க ஆகும் செலவு நான்கு ஆண்டுச் சந்தாவுக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறைக்கு மேல் வண்டி நின்றால்தான் திட்டம் லாபம். ஒழுங்காகப் பராமரிக்கப்படும், ஊருக்குள்ளேயே ஓடும் காருக்கு அது அரிது. பழைய வண்டிக்கும், அடிக்கடி நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கும் அதே கணக்கு தலைகீழாகிவிடும்.

உதவிக்கு அழைக்க வேண்டிய பல தருணங்களில் இழுவை வண்டியே தேவைப்படுவதில்லை என்பதையும் பார்க்க வேண்டும். பேட்டரி தீர்ந்துபோவது, பஞ்சர், சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவது, எரிபொருள் தீர்வது ஆகியவற்றில் பாதியை நாமே தவிர்க்கலாம். 12 வோல்ட் பேட்டரி பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் உழைக்கும். அதன் வயதைக் குறித்துவைத்துக்கொண்டு, ஜம்ப் ஸ்டார்ட் கேபிளையும் டிக்கியில் போட்டுவைத்தால் ஓர் அழைப்பு மிச்சம். (மின்சாரக் காரிலும் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு, அது தீர்ந்தாலும் கார் கிளம்பாது.) பஞ்சரில்தான் இப்போது சிக்கல் கூடியிருக்கிறது. ஸ்டெப்னிக்குப் பதிலாக ஒட்டும் திரவமும் சிறிய காற்றடிப்பானும் மட்டுமே தரப்படும் கார்கள் பெருகிவிட்டன. டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்தால் அந்தத் திரவத்தால் ஒரு பயனும் இல்லை, இழுத்துத்தான் போக வேண்டும். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் கார்களையும் மின்சாரக் கார்களையும் இரண்டு சக்கரம் தரையில் உருள இழுத்தால் கியர் பெட்டியோ மோட்டாரோ சேதமடையக்கூடும் என்பதால், அவற்றை முழுதாக மேலே ஏற்றிச் செல்லும் பிளாட்பெட் வண்டி வேண்டும். உங்களுடையது அப்படிப்பட்ட கார் என்றால், திட்டம் பிளாட்பெட்டை உறுதி செய்கிறதா என்று கேட்காமல் சேராதீர்கள்.

ஒப்பந்தத்தில் நான் இப்போது முதலில் தேடுவது தூர வரம்பையும், அது எங்கிருந்து எண்ணப்படுகிறது என்பதையும்தான். கார் நின்ற இடத்திலிருந்தா, இழுவை வண்டி தன் கொட்டகையைவிட்டுக் கிளம்பிய இடத்திலிருந்தா? நான் சொல்லும் பணிமனைக்குக் கொண்டுபோவார்களா, பக்கத்தில் உள்ளதில் இறக்கிவிடுவார்களா? பள்ளத்தில் இறங்கிய வண்டியைக் கம்பிவடம் போட்டு மேலே எடுப்பதும் விபத்துக்குப் பிந்தைய இழுவையும் விலக்கப்பட்டிருக்கின்றனவா? சேர்ந்த அன்றே உதவி கிடைக்குமா, ஆண்டுக்கு எத்தனை அழைப்பு என்பதெல்லாம் அதற்குப் பிறகு. உதவி காருக்கா, ஆளுக்கா என்பதும் முக்கியம். அமெரிக்காவில் 1902இல் தொடங்கிய ஏஏஏ போன்ற மோட்டார் சங்கங்களில் உறுப்பினர் வேறொருவரின் காரில் போனாலும் உதவி உண்டு, ஆனால் காப்பீட்டுடன் இணைந்து வருவது பெரும்பாலும் அந்த ஒரு காருக்கு மட்டுமே.

திட்டம் இல்லாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. இரவில், மழையில், குழந்தைகள் பின்னிருக்கையில் தூங்கும்போது பேரம் பேசும் தெம்பு யாருக்கும் இருக்காது. அழைக்காமலே வந்து நிற்கும் இழுவை வண்டிக்காரர் கொக்கியை மாட்டுவதற்கு முன்பே, ஏற்றுக்கூலி, கிலோமீட்டர் கூலி, இரவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மாட்டிய பிறகு கேட்டால் பதில் வேறாக இருக்கும். நம்பகமான ஓரிரு இழுவை வண்டிக்காரர்களின் எண்களை, நல்ல நாளில் விசாரித்து, கைப்பேசியில் சேமித்துவைப்பது இதற்காகத்தான்.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு கார்கள். ஒன்று பழையதானாலும் ஊருக்குள் மட்டும் ஓடுவதால், அதற்குத் திட்டம் எதுவும் எடுக்கவில்லை. அதற்கான சந்தாத் தொகையை ஆண்டுதோறும் தனிக் கணக்கில் போட்டுவருகிறேன், இதுவரை ஒரே ஒருமுறைதான் அதிலிருந்து எடுத்தேன். நெடும்பயணத்துக்குப் போகும் காருக்கு 200 கிலோமீட்டர் வரை, நான் சொல்லும் பணிமனைக்கு, பிளாட்பெட்டில் ஏற்றிச் செல்லும் திட்டம் எடுத்திருக்கிறேன். முன்பு கட்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சந்தா. மூன்று ஆண்டுகளாக ஒருமுறைகூட அழைக்கவில்லை, அடுத்த ஆண்டும் புதுப்பிப்பேன்.